அப்பாவின் றேடியோ: கடிதமும் பதிலும்

ஐயா,

எல்லா நிலையங்களும் போனிலேயே கேட்கின்றன, இரைச்சலும் இல்லை. அப்பா மட்டும் பழைய றேடியோவுக்குப் பற்றரி வாங்கிக் காசைக் கரைக்கிறார். இனியும் அது தேவையா, இல்லை வெறும் பழைய நினைவா? நல்ல செயலி ஒன்றும் சொல்லுங்கள்.

வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

செயலியைக் கடைப் பொடியனிடம் கேளுங்கள். இரைச்சல் இல்லை என்பதும் சரி. இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலை நினைத்துக் கண்கலங்கும் கூட்டத்தில் மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள். பழைய பாட்டுக்கு யூடியூப் போதும்.

சில நாட்களாக என் மனதில் ஓடுவது றேடியோவில் வரும் மரண அறிவித்தல். எங்கள் வீட்டில் அந்த நேரம் யாரும் வாய் திறக்கக்கூடாது. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் என்று பெயர்கள் நீளும். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். ஒருநாள் அப்படித்தான், திருக்கோவில் என்ற ஊரில் தன்னோடு படித்த ஒருத்தி போய்விட்டாள் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன பழக்கம். சாவு வீட்டுக்காரருக்கு அம்மா என்றொருத்தி இருப்பதே தெரியாது. அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

இப்போது சாவுச் செய்தி வட்ஸ்அப்பில் வருகிறது, உண்மைதான். யாருடைய நம்பர் இருக்கிறதோ அவருக்கு வரும். 1990இல் யுத்தத்தால் ஊர் ஊராகச் சிதறிய சனத்தின் நம்பர் யாரிடம் இருக்கிறது? போன் நீங்கள் தேடியதைத் தரும். தேடத் தோன்றாததை எப்படித் தரும்? றேடியோக்காரனுக்கு உங்களைத் தெரியாது. தெரியாமலே சொல்வான், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். நோன்பு காலத்தில் நோன்பு திறக்க இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் பாங்குக்குக் காத்திருந்த வீடுகளைக் கேளுங்கள். ஒரே குரலுக்கு ஊரே பேரீச்சம்பழத்தை எடுக்கும்.

வெள்ளத்தையும் சொல்லத்தான் வேண்டும். கரண்ட் போனால் போன் கோபுரத்தின் பற்றரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் உங்கள் போனில் டோர்ச் மட்டும்தான். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றி அப்பாவிடம் கேட்டிருக்கிறீர்களா? இவ்வளவு எழுதியவர், அவர் அந்தப் பெட்டியில் என்ன கேட்கிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

பற்றரிக் காசு பெரிதென்றால் கரண்டிலும் ஓடுகிற ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பழையதையும் எறிய வேண்டாம். பாவிக்காத நாளில் பற்றரியைக் கழற்றி வையுங்கள், ஒழுகினால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.