அட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

பழைய ஹாம் ரேடியோ அட்டைகளைச் சேர்க்கிறேன் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். இந்த மாதம் மிக்சி, கிரைண்டர் புகாரெல்லாம் காணோம். வந்த கடிதங்கள் எல்லாம் அட்டையைப் பற்றியே. சுருக்கித் தருகிறேன்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நூற்றுக்கணக்கான அட்டைகள். பெரிய எழுத்தில் 'டபிள்யூ6' என்று தொடங்கும் ஏதோ குறியீடு, கீழே ஒரு கட்டத்தில் '599'. அது விலையா? விற்றால் என்ன கிடைக்கும்?
– கே.ஆர்., திருச்சி

விலை இல்லை, மார்க். உங்கள் தாத்தா ஹாம் ஆபரேட்டராக இருந்திருக்கிறார். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே வயர்லெஸ் நிலையம் வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. பேசி முடித்ததும் 'ஆமாம், இன்ன தேதியில், இத்தனை மணிக்கு உங்களோடு பேசினேன்' என்று ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். அதன் பெயர் கியூஎஸ்எல். 'கிடைத்தது' என்பதற்கான தந்திக்காரர் சுருக்கம். பெரிய எழுத்தில் இருப்பது எதிராளியின் கால்சைன், அதாவது அவர் நிலையத்தின் அடையாளக் குறி. டபிள்யூ என்றால் அமெரிக்கா, 6 என்றால் பெரும்பாலும் கலிஃபோர்னியா. 599இல் முதல் 5 தெளிவுக்கு, அடுத்த 9 சிக்னலின் வலிமைக்கு, கடைசி 9 மோர்ஸ் ஒலியின் தொனிக்கு. தாத்தாவுக்கு முழு மார்க் விழுந்திருக்கிறது.

விற்பதைப் பிறகு பார்க்கலாம். அதே பெட்டியில் நீளமான ஒரு நோட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். யாரோடு எப்போது பேசினோம் என்று ஹாம்கள் எழுதிவைப்பது, லாக் புக் என்பார்கள். அது கிடைக்கும்வரை ஒரு அட்டையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பழைய புத்தகக் கடையில் 300 அட்டைகள் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். முக்கால்வாசி 1960களின் அமெரிக்க அட்டைகள். ஏமாந்துவிட்டேனா?
– எஸ்.வி., சென்னை

இல்லை. அட்டை ஆறு ரூபாய், நியாயமான விலை. அந்தக் கால அமெரிக்க அட்டைகள்தான் சந்தையில் மலிந்து கிடப்பவை. அங்கேயே பெட்டியோடு வாங்கினால் ஒன்று ஒரு டாலர்கூட வராது. பணக்காரர் ஆகமாட்டீர்கள், பொழுது நன்றாகப் போகும்.

இணையத்தில் '1937 திபெத் அட்டை, மிக அரிது' என்று விளம்பரம். 9,000 ரூபாய் யுபிஐயில் அனுப்பினேன். அட்டை வந்தது. தெரிந்த ஹாம் ஒருவர் பார்த்துவிட்டுப் போலி என்கிறார். விற்றவர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், சேலம்

வெட்கப்படாதீர்கள். இதே திபெத்தில் நானும் விழுந்திருக்கிறேன், 6,500 ரூபாய்க்கு.

திபெத் என்றதும் ஆசை வருவது இயல்புதான். 1936இல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு லாசா போன நேப்பியன் என்ற ராணுவ அதிகாரி அங்கிருந்து ஏசி4ஒய்என் என்ற கால்சைனில் பேசினார். பிறகு ரெஜினால்ட் ஃபாக்ஸ் அதைத் தொடர்ந்தார். திபெத் அரசிடம் வேலை பார்த்த ராபர்ட் ஃபோர்டின் கால்சைன் ஏசி4ஆர்எஃப். 1950 அக்டோபரில் சாம்டோ பக்கத்தில் சீனப் படையிடம் பிடிபட்டு, 1955இல்தான் விடுதலையானார். திபெத்திலிருந்து பேசிய ஹாம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்டைக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று புரிகிறதா?

என் அட்டையில் எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. மங்கிய காகிதம், மூலையில் துருப்பிடித்த குண்டூசித் தடம். வாங்கிய அன்று இரவு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி எழுதிய கோடு ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் மை ஒரு சொட்டாகத் திரண்டிருந்தது. அட்டையைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்து மேடாகத் தட்டுப்பட்டது. பால்பாயிண்ட் பேனா. அந்தப் பேனா அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில். 1937இல் லாசாவில் உட்கார்ந்து அதை வைத்து எவர் எழுதியிருக்க முடியும்? யாரோ நன்றாக அச்சடித்த வெற்று அட்டையில் வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். அந்த அட்டை இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

உங்களுக்கு வழி இருக்கிறது. பணம் போன கதை என்பதால் முதலில் 1930 என்ற சைபர் மோசடி எண்ணுக்குப் பேசுங்கள், தாமதமானாலும் பேசுங்கள். விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, உறை, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், வீட்டில் சொல்லிவிடுங்கள். எப்படியும் தெரிந்துவிடும், என் வீட்டில் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

போலியைப் பிடிக்க லென்ஸ் தவிர வேறு வழி இல்லையா?
– ஜி.எம்., ஈரோடு

காலண்டர்தான். முகவரியில் மாநிலப் பெயருக்குப் பின் ஐந்து இலக்க ஜிப் கோடு அச்சாகியிருந்தால் அந்த அமெரிக்க அட்டை 1963 ஜூலைக்குப் பிந்தியது. 'சிகாகோ 14, இல்லினாய்' என்று ஊருக்குப் பக்கத்தில் குட்டி எண் இருந்தால் 1943க்கும் 1963க்கும் இடையில். அமெரிக்கக் கால்சைன் டபிள்யூவில் தொடங்குவது 1928 கடைசியிலிருந்துதான். '1925' என்று தேதி போட்ட டபிள்யூ அட்டையைத் தொடாதீர்கள். ஆர்எஸ்டி என்ற மார்க், 599 மாதிரியான அந்த மூன்று இலக்கம், 1934இல் வந்தது. நேரத்துக்குப் பக்கத்தில் 'யுடிசி' என்று அச்சாகியிருந்தால் அது 1930களின் அட்டை அல்ல, அப்போதெல்லாம் ஜிஎம்டி. 1943இல் அமெரிக்க ஹாம் பேசியதாக அட்டை வந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். போரினால் அவர்கள் வாயை 1941 டிசம்பரிலேயே கட்டிவிட்டார்கள்.

100 நாடுகளின் அட்டைகளை வாங்கிச் சேர்த்துவிட்டேன். இவற்றைக் காட்டி, 100 நாடுகளோடு பேசிய ஹாம்களுக்குத் தரும் டிஎக்ஸ்சிசி விருது வாங்க முடியுமா?
– டி.பி., திருநெல்வேலி

முடியாது. நீங்கள் பேசியிருக்க வேண்டும்.

அழகான படம் போட்ட 20 அட்டைகள் வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால் எல்லாமே பின்பக்கம் காலி. விற்றவர் சொல்லவே இல்லை.
– எல்.ஆர்., கோவை

நீங்கள் கேட்டீர்களா? இந்த மாதம் இப்படி எழுதிய மூன்றாவது ஆள் நீங்கள். கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. தேதியும், நேரமும், யாருக்கு என்ற கால்சைனும் இல்லாத அட்டை, பிரிண்டிங் பிரஸ்ஸில் மிச்சமான காகிதம். பழைய அட்டைகளில் பெரும்பாலும் கால்சைனும் விவரமும் ஒரே பக்கத்தில் இருக்கும், மறுபக்கம் முகவரியும் தபால் முத்திரையும். படம் போட்டவற்றில் விவரம் பின்னால் போய்விடும். அதனால் இரண்டு பக்கப் படமும் வாங்கிப் பார்க்காமல் காசு அனுப்பக் கூடாது. விற்றவர் நிரப்பிய அட்டை என்று எழுதியிருந்தால் சண்டை போடுங்கள். எழுதவில்லை என்றால் சுவரில் மாட்டுங்கள். ஒரு விஷயம்: அவற்றை வேறு யாருக்கும் விற்க வேண்டாம். சேலத்துக்காரர் வாங்கியதும் இப்படி ஒரு காலி அட்டையாகத்தான் பிறந்திருக்கும்.

எஃப்என்8 என்று தொடங்கும் அட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'பாண்டிச்சேரி, பிரெஞ்சிந்தியா' என்று அச்சு. தபால்தலை இல்லை, அதனால் சந்தேகமாக இருக்கிறது.
– ஆர்.ஜே., புதுச்சேரி

உங்கள் ஊர் ஹாம் உலகத்தில் தனி நாடாக இருந்தது, தெரியுமா? பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து எஃப்என்8. 1954 அக்டோபர் 31 வரை பேசியதுதான் கணக்கு. மறுநாள் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்ததும் அந்த 'நாடு' விருதுப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. கோவாவுக்கு சிஆர்8 இருந்தது மாதிரி. அதனால் தேதியைப் பாருங்கள்.

தபால்தலை இல்லாதது குற்றமே இல்லை. பல நாடுகளில் ஹாம் சங்கத்துக்கு ஒரு கியூஎஸ்எல் பியூரோ உண்டு. உறுப்பினர்களின் அட்டைகளை நாடுவாரியாகக் கட்டி மொத்தமாக அனுப்புவார்கள். அப்படிப் போனதில் தலையும் இருக்காது, முத்திரையும் இருக்காது. யாருக்கு எழுதப்பட்டது, மை பேனா மையா என்று பாருங்கள். சரியாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வாங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

காலமான ஒரு ஹாமின் 4,000 அட்டைகள் இங்கே ஒரு வியாபாரியிடம் வந்திருக்கின்றன. நாடுவாரியாகப் பிரித்து, அரிய அட்டைகளை மட்டும் எனக்குத் தருகிறேன் என்கிறார். மீதி எடைக்குப் போகுமாம். வாங்கலாமா?
– கே.எஸ்., பெங்களூரு

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் உட்காருங்கள்.

இறந்துபோன ஹாமை 'சைலண்ட் கீ' என்பார்கள். மோர்ஸ் சாவி ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர் போனதும் வீட்டில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ரிசீவரை ஒருவர் எடுத்துப் போவார். ஆண்டெனா பழைய இரும்புக்கடைக்கு. லாக் புக், 'அப்பாவின் கணக்கு நோட்டு' என்று குப்பைக்கு. அட்டைகள் வியாபாரிக்கு. வியாபாரி முதலில் செய்வது என்ன? கத்தரிக்கோலை எடுத்து, தபால்தலை இருக்கும் மூலையைச் சதுரமாக வெட்டி எடுப்பது! நாலணா பெறாத தலைக்காக அட்டையில் ஜன்னல் திறந்துவிடுவார். அந்த ஜன்னலோடு முத்திரையின் தேதி போச்சு, ஊர் போச்சு, பல நேரம் பின்னால் எழுதிய பாதி வரியும் போச்சு. பிறகு நாடுவாரியாகப் பிரிப்பு. திபெத்தும் சான்சிபாரும் ஒருவருக்கு, மீதி போண்டா மடிக்க.

4,000 அட்டைகள் சேர்ந்து இருந்தால்தான் அவை ஒரு மனிதர். எந்த வருஷம் பேச ஆரம்பித்தார், விடியற்காலையில் எந்த அலைவரிசையில் உட்கார்ந்தார், எந்த ஜப்பான்காரரோடு இருபது வருஷம் விடாமல் பேசினார், எந்த மாதம் திடீரென்று அட்டையே இல்லை, எல்லாம் வரிசையில்தான் தெரியும். என்னிடம் அப்படி ஒரு கட்டு உண்டு. அதில் 1958 தேதியிட்ட ஆஸ்திரேலிய அட்டை ஒன்று. மார்க், நேரம் எல்லாம் போட்டு, ஓரத்தில் பென்சிலில் 'உங்கள் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா?' என்று ஒரு வரி. அடுத்த மாத அட்டையில் அதே கையெழுத்து, 'கேட்டு நிம்மதி'. தனித்தனியாக விற்றால் இரண்டும் பத்துப் பத்து ரூபாய். இரண்டையும் பிரித்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விடவே இல்லை.

வியன்னாவில் இதற்கென்றே ஒரு ஆவணக் காப்பகம் வைத்து, சைலண்ட் கீ ஆனவர்களின் அட்டைகளை லட்சக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். நம்மிடம் எடைக்கடைதான் இருக்கிறது. ஆகவே, அரிய அட்டைகளை மட்டும் வாங்காதீர்கள். மொத்தக் கட்டுக்கும் விலை கேளுங்கள். எடைக்குப் போகும் 3,900க்கு அவர் பெரிதாகக் கேட்க முடியாது. கையில் காசு இல்லை என்றால் உள்ளூர் ஹாம் கிளப்பில் சொல்லி நாலு பேராகச் சேர்ந்து வாங்குங்கள். லாக் புக் எங்கே என்று வியாபாரியிடம் இன்றைக்கே கேளுங்கள்.

அப்பா எழுபதுகளில் சிற்றலை வானொலிகளுக்குக் கடிதம் எழுதி எடுத்த அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மாஸ்கோ, ஜப்பான், நெதர்லாந்து. 55444 மாதிரி எண்கள் எழுதிய அவருடைய கொப்பியும் இருக்கிறது. இவையும் ஹாம் அட்டைகள்தானா?
– த.சி., யாழ்ப்பாணம்

இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம். ஹாம் அட்டை பேசியவர் பேசியவருக்கு அனுப்புவது. இது கேட்டவருக்கு நிலையம் அனுப்பியது. அந்த ஐந்து எண்கள் ஒலியின் வலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்ற வரிசை. இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1924இலேயே சிகாகோவில் எக்கோ என்ற கம்பெனி, கேட்டதற்கு ஆதாரமும் பத்து சென்ட்டும் நிலையத்துக்கு அனுப்பினால் வருகிற, தபால்தலை மாதிரியான வில்லைகளை அச்சிட்டு, ஒட்டிவைக்க ஆல்பமும் விற்றது. உங்கள் அப்பாவின் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். அங்கே பழைய விஎஸ்7 அட்டை எதுவும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இலங்கை ஹாம்கள் 4எஸ்7 ஆவதற்கு முன் பாவித்தது அது.

ராஜீவ் காந்தியின் ஹாம் அட்டை என்று 25,000 கேட்கிறார்கள்.
– எம்.என்., மதுரை

வியு2ஆர்ஜி அவருடைய கால்சைன்தான், அதில் பொய் இல்லை. அட்டை நிரப்பியதா, யாருக்கு, கையெழுத்து அச்சா மையா? மூன்றுக்கும் பதில் வராமல் பர்ஸைத் திறக்காதீர்கள். பெரிய மனிதர் என்பதாலேயே அட்டை அரிதாகிவிடாது. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜேஒய்1 என்ற கால்சைனில் ஓயாமல் பேசியவர். அவர் அட்டை ஊருக்கு ஊர் இருக்கிறது.

அட்டைகள் கெடாமல் இருக்க எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிட்டேன். சரிதானே?
– வி.கே., நாகர்கோவில்

ஐயோ.

லேமினேட் கூடாது என்றால் எதில் வைப்பது? ஆல்பம் வாங்கினேன், பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது.
– பி.டி., தஞ்சாவூர்

அந்த வாடைதான் பிவிசி. நானும் மலிவாக இருக்கிறதே என்று ஒரு டஜன் ஆல்பம் வாங்கினேன். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் மை அட்டையில் பாதி, உறையில் பாதி. பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும்; பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல், மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வெறும் உறையில் போட்டு அனுப்பியதால் அட்டை நடுவில் மடிந்து வந்தது. இஸ்திரிப் பெட்டி வைத்து நிமிர்த்தலாமா?
– சி.ஏ., விழுப்புரம்

இஸ்திரிப் பெட்டியை எடுத்த இடத்தில் வையுங்கள். உறையோடு படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பாதிப் பணமாவது கேளுங்கள். பிறகு இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் அட்டையை வைத்து, மேலே கனமான புத்தகம் நாலைந்து அடுக்கிப் பத்து நாள் விட்டுவிடுங்கள். தடம் முழுக்கப் போகாது. அடுத்த முறை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பச் சொல்லி, அந்தச் செலவை நீங்களே கொடுத்துவிடுங்கள்.