நூலும் நகரமும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெங்களூருவிலிருந்து வந்தவை. நெரிசல் மிகுந்த நகரத்தில் தமிழ் நூலுக்கும் இதழுக்கும் இனி இடமுண்டா என்ற கவலையே அவற்றில் பலவற்றிலும் தெரிகிறது. ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் வார இதழ்கள் வாங்கிவந்த தெருமுனைக் கடையில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன. இந்த ஊரில் தமிழ் படிப்பவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள் என்றுதானே பொருள்?
(ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, அல்சூர்)

அந்த முடிவுக்கு வந்துவிட வேண்டாம், ஐயா. நீங்கள் சொல்லும் வகைக் கடை எனக்கும் பழக்கமானதுதான். சணல் கயிற்றில் துணி கிளிப்பால் வார இதழ்களை மாட்டி, கீழே பலகையில் மாத நாவல்களை முதுகு தெரிய அடுக்கி, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே தார்ப்பாயைக் கட்டியிருப்பார்கள். அந்தக் கடை வாழ மூன்று தேவை: பேருந்துக்குக் காத்து நிற்கும் மனிதர்கள், நான்கு பேர் நின்று புரட்டிப் பார்க்க நடைபாதை, சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்து விடியற்காலையில் இறங்கும் இதழ்க் கட்டு. சாலை அகலப்படுத்தலும் இருசக்கர வாகன நிறுத்தமும் நடைபாதையை எடுத்துக்கொண்டன. காத்து நின்றவர்களில் பலர் மெட்ரோவுக்கும் சொந்த வண்டிக்கும் மாறினார்கள். ஒரு வார இதழ் விற்றால் கடைக்காரருக்குச் சில ரூபாய்தான் மிஞ்சும் என்ற நிலையில், ஏறிப்போன வாடகைக்கு அவர் உறையைத் தொங்கவிட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிப்பவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு நகரம் விரிந்த கதையைப் பார்க்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 57 லட்சமாக இருந்த பெங்களூருப் பெருநகர மக்கள்தொகை, 2011-இல் 85 லட்சத்தைத் தொட்டது. இடையில், 2007-இல், சுற்றியிருந்த ஏழு நகரசபைகளும் 110 கிராமங்களும் மாநகராட்சிக்குள் வந்தன. அப்படிப் பெருத்த மாநகராட்சியை 2025-இல் ஐந்தாகப் பிரிக்கவும் நேர்ந்தது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சுவரோடு சுவராக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, வேலை இருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் குடிபெயர்ந்துவிட்டது. வாசகர் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனபோது கடையால் பின்தொடர்ந்து போக முடியவில்லை. இதழ்களும் தம் பங்குக்கு மாறின. 1941-இல் தொடங்கிய ‘கல்கி’ 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது.

புத்தகம் கால்நடையாக வருபவருக்கே அதிகம் விற்கும் சரக்கு என்பது நான் பல ஆண்டுகளாகக் கண்டுவருவது. பேர்பெற்ற பிரீமியர் புத்தகக் கடை 2009-இல் மூடப்பட்டபோது, இந்நகரில் புத்தகக் கடைகளின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் சர்ச் தெருவில் பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகள் நிலைத்து நின்றன. அந்தத் தெருவுக்குக் கல் பாவி 2018-இல் நடப்பவர்களுக்கு ஏற்றதாகச் சீரமைத்த பிறகு, மெட்ரோவில் வந்து இறங்குபவர்கள் நடந்தபடியே கடைக்குள் நுழைகிறார்கள். அங்கே விற்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள் என்பது நமக்கு வருத்தம் தருவதே. ஆனாலும் நடக்க இடம் கொடுத்த தெருவில் புத்தகம் பிழைக்கிறது என்பதைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டும். அல்சூர் மெட்ரோ நிலையத்தின் வாசலில் ஒரு தமிழ் நூல் மேசை போட யாராவது முயன்றார்களா என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: நான் கேட்ட நாவல் கையிருப்பில் இல்லை, பணம் கட்டினால் அச்சிட்டு அனுப்புகிறோம் என்கிறது பதிப்பகம். விலையும் கூடுதலாக இருக்கிறது. இப்படி அச்சிடும் நூல் தரம் குறைந்ததா?
(மென்பொருள் ஊழியர், ஒயிட்ஃபீல்டு)

அதன் பெயர் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’, தேவைக்கேற்ப அச்சிடுதல். பழைய முறையான ஆஃப்செட்டில் பக்கங்களைப் பதினாறு பதினாறாக ஃபாரம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளேட் என்னும் அச்சுத் தகடு எடுத்து, மை சீராக வரும்வரை தாளை ஓடவிட்டு வீணாக்க வேண்டும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தத் தொடக்கச் செலவு மாறாது. ஆகவேதான் தமிழ்ப் பதிப்பாளர்கள் நெடுங்காலம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்து, அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணையை நம்பிக் கிடங்கில் அடுக்கினார்கள். ஆணை தாமதமானால் முதலீடு முழுவதும் முடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக் கிடங்குகளில் நூல்கள் கட்டுக்கட்டாக நனைந்து கூழானதைப் பார்த்தவர்கள், இனி அப்படி அடுக்குவதில்லை என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை. டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது. கோப்பிலிருந்து நேரே தாளுக்குப் போகிறது, ஒரே ஒரு பிரதியும் எடுக்கலாம். ஆனால் பிரதிக்கு ஆகும் செலவு கூடுதல்.

தாள் விலையையும் மறக்கக் கூடாது. அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது அச்சாகும் தாளுக்கோ 2025 செப்டம்பரில் வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. விற்பனைக்கு வரியில்லாததால், தாளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் பதிப்பாளருக்கு வழியில்லை. அந்தச் சுமை அப்படியே உங்கள் விலைச்சீட்டில் வந்து உட்காருகிறது.

தரத்தைப் பொறுத்தவரை, அச்சை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கவலை தருவது மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை பார்த்துத் திருத்தும் வேலை. சென்ற ஆண்டு ஒரு பதிப்பகத்திடம் பழைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை இப்படி வரவழைத்தேன். அட்டையும் தாளும் நேர்த்தியாக இருந்தன. உள்ளே முப்பது பக்கத்துக்குள் ‘ர’ வரவேண்டிய இடங்களில் கால் குறியும் (ா), கால் குறி வரவேண்டிய இடங்களில் ‘ர’வும் மாறி மாறிக் கிடந்தன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்து, வந்ததை ஒருவரும் வாசிக்காமல் நூலாக்கியிருந்தார்கள். ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘லை’, ‘னை’ ஆகியவற்றுக்குப் பழைய அச்சில் இருந்த சுழித்த வடிவங்களை அந்த மென்பொருள் தடுமாறித்தான் படிக்கும். அதைத் திருத்த ஒரு மனிதர் உட்கார்ந்தே ஆக வேண்டும். கிடங்கு வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள் என்று பதிப்பாளர்களை இந்தப் பத்தியின் வழியாக வேண்டிக்கொள்கிறேன். நூலை வாங்குமுன் நீங்களும் மாதிரிப் பக்கங்கள் இரண்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: அலுவலகம் போகவர நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. நின்றுகொண்டே பயணம் செய்வதால் புத்தகம் பிரிக்க முடிவதில்லை. கைபேசியில் படிக்கிறேன், அல்லது ஒலிநூல் கேட்கிறேன். இதெல்லாம் வாசிப்பு ஆகுமா?
(எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் வாசகி)

தாராளமாக ஆகும், அம்மா. திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தை உரக்கப் படிக்க, தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்ட வழக்கம் நம்முடையது. எங்கள் வீட்டில் தொடர்கதையை அம்மா படிப்பார்; பாட்டி கீரை ஆய்ந்தபடி கேட்பார். பாட்டியைவிட அந்தக் கதைகளை நன்றாக அறிந்தவர்களை நான் பார்த்ததில்லை.

கைபேசி வாசிப்பில் இந்நகரத்துக்குத் தனிப் பங்கும் உண்டு. தமிழ் உள்ளிட்ட பன்னிரண்டு மொழிகளில் எழுதவும் படிக்கவும் இடம் தரும் பிரதிலிபி, பெங்களூருவிலிருந்து இயங்குகிறது. அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது 2016 இறுதியில்தான். அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவந்தது. ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை; கைபேசியின் குறுகிய திரையில் இருபுறமும் வரி ஒழுங்கு செய்தால், வரிக்கு இரண்டு சொல்லும் நடுவில் பெரிய ஓட்டையுமாக நிற்கும். ஆடும் பேருந்தில் கண் வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமைப்பில் இடப்புற ஒழுங்கை மட்டும் தேர்ந்து, எழுத்தை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள்.

மின்னூலுக்கான ஜி.எஸ்.டி. வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சு வடிவம் உள்ள மின்னூலுக்கு 2018 ஜூலை முதல் 5 விழுக்காடு; அச்சே காணாத மின்னூலுக்கு 18 விழுக்காடு. தாளுக்குப் பணமில்லாமல் மின்னூலாக மட்டும் வெளியிடும் இளம் எழுத்தாளர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். இது சரியல்ல.

கேள்வி: சென்னையிலிருந்து இருநூறு ரூபாய் நூலை வரவழைக்க அஞ்சல் செலவே அச்சுறுத்துகிறது. மலிவான வழி உண்டா?
(கல்லூரி மாணவர், ராமமூர்த்தி நகர்)

உண்டு. பதிவு நூல் அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் திகைத்துப்போனார்கள். 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் வருவதால் சில நாள் கூடுதலாகும். எடை கூடக்கூடக் கிலோவுக்கு ஆகும் செலவு குறைவதால், நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கட்டாக வரவழைத்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்திடம் சேவையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பலர் பழக்கத்தால் கூரியரையே பிடிக்கிறார்கள். பருவ இதழ்களை இதில் அனுப்ப முடியாது என்பது சிற்றிதழ்களுக்குப் பெரிய இழப்பு.

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டப்போகிறோம். நான் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்கள் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கும். மகன் வீட்டில் ஓர் அலமாரிக்குத்தான் இடம். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லையா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஸ்ரீராமபுரம்)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள்.

முதலில் நூல்களை மூன்றாகப் பிரியுங்கள். இன்றும் கடையில் கிடைக்கும் நூல்கள் ஒரு பக்கம்: அவற்றைத் தமிழ் வகுப்புகள் உள்ள பள்ளிகளுக்குக் கொடுக்கலாம், அல்சூர் ஏரிக்கரையை ஒட்டியுள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தையும் கேட்டுப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பவை இன்னொரு பக்கம்: அவை மகன் வீட்டு அலமாரிக்கு. மூன்றாவது பகுதிதான் அரியது. நின்றுபோன சிற்றிதழ்கள், சங்கங்கள் வெளியிட்ட மலர்கள், நாடகத் துண்டறிக்கைகள், குறிப்பாகப் பெங்களூருவிலும் கோலார் தங்கவயலிலும் அச்சான தமிழ் வெளியீடுகள் அதில் சேரும். சென்னையில் அச்சான நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும். இங்கே ஏதோ ஒரு சிறிய அச்சகத்தில் அடித்த முந்நூறு பிரதியில் எஞ்சியது உங்களுடையது மட்டுமாகவே இருக்கலாம்.

இப்பகுதிக்குத் தலைப்பு, ஆண்டு, அச்சகத்தின் பெயர் மூன்றையும் குறித்துப் பட்டியல் எழுதி, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்புங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து 1994-இல் உருவான நூலகம் அது. இத்தகைய சேகரிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகமும் அரிய நூல்களை மின்படியாக்கி மின்னூலகத்தில் ஏற்றிவருகிறது. அவர்களுக்கும் பட்டியலின் ஒரு படி அனுப்பலாம்.

பட்டியல் எடுக்கும்போது ஒவ்வொரு நூலின் முதல் பக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். யார் யாருக்கு எந்த நாளில் பரிசளித்தது, எந்தக் கடையில் எத்தனை அணாவுக்கு வாங்கியது என்று பென்சிலில் எழுதியிருக்கும். அந்த வரிகளையும் பட்டியலில் சேருங்கள். முதல் நூறு நூல்களின் பட்டியல் முடிந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பினால், அவற்றில் இவ்வூரில் அச்சானவை எவை என்று பிரித்துத் தர நான் உதவுகிறேன்.