பிள்ளைகளின் வீசிங்கும் நம் வீடும்: கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் 28 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஆனி மழை பிடித்ததும் வீசிங், அதாவது ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. வீட்டைப் பற்றிக் கேளுங்கள். கேட்டவர்களின் பெயருக்குப் பதில், குமரி மாவட்டத்தில் அவர்களுடைய ஊரின் பெயரைப் போட்டிருக்கிறேன்.

குளச்சல்: சிஸ்டர், மகனுக்கு 5 வயசு. பகல்ல நல்லா ஓடியாடுறான். ராத்திரி 2 மணிக்குத்தான் இருமலும் இழுப்பும். வீட்டைத் தூத்துத் துடைச்சுத்தான் வச்சிருக்கேன்.

இரவில் கூடுவது இந்த நோயின் குணம். இருந்தாலும் முதலில் அவன் படுக்கிற இடத்தைப் பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தையா, எத்தனை வருஷப் பழசு? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரமும் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலும் இருந்தால் தூசிப்பூச்சி பெருகிவிடும். மூட்டைப்பூச்சி போலக் கடிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அதன் எச்சம் மூச்சோடு உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்புகிறது.

விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கை வைத்தால் பொறுக்காத சூடு அது. பச்சைத் தண்ணீரில் அழுக்கு போகும், பூச்சி சாகாது. மெத்தைக்கு நெருக்கமாக நெய்த ஜிப் உறை போடுங்கள், பஞ்சுப் பொம்மைகளைக் கட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது, எல்லாம் சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். வாரியலால் பெருக்கும்போது பிள்ளை அந்த அறையில் இருக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. கொளுத்தினால் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிக்கையில் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வலை கட்டுங்கள்.

தக்கலை: இன்ஹேலர் பழகிப்போனா அப்புறம் விட முடியாதாமே?

அப்படி ஆகாது. சிரப்பைவிட இதில் மருந்தும் குறைவு. மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது 20-ல் ஒரு பங்கு. நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால்தான் இவ்வளவு குறைவாகப் போதுகிறது. சிறுபிள்ளைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலரில் பொருத்துகிற குழாயோடு கொடுங்கள்.

கருங்கல்: படுக்கையறைச் சுவர்ல கறுப்பா பூசணம். பெயின்ட் அடிச்சா சரியாகுமா?

மூன்று மாதத்தில் திரும்ப வரும். தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓடு விலகியிருக்கலாம், மொட்டை மாடி வெடித்திருக்கலாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஓடு பறந்து நனைந்த சுவர்களை அப்படியே பூசி மூடிய வீடுகள் எனக்குத் தெரியும். ஒழுக்கை அடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் வாடை போகும்வரை பிள்ளையை வேறு அறையில் படுக்கவையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடவும் கூடாது.

அருமனை: ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

முதலில் வீட்டில் புகையை நிறுத்துங்கள். அதற்குக் காசு செலவில்லை.

திருவட்டார்: அம்மா, எனக்கு 71 வயசு. அடுக்களைப் புகையிலதான் வளர்ந்தோம். அடுப்புக்கு மேலதான் ரப்பர் ஷீட் காயும். தென்னம்பாளைக் கொதும்பும் சிரட்டையும்தான் எரிச்சோம். ஒருத்தருக்கும் இழுப்பு வரல. இப்போ என் பேரனுக்கு இழுப்புன்னா புகையைக் குறை சொல்றீங்க.

மார்த்தாண்டம்: ஐயா சொல்றது சரிதான். குளிப்பாட்டி சாம்பிராணி போடாம எந்தப் பிள்ளையை வளர்த்தோம்?

குலசேகரம்: எங்க மாமியாரும் இதையேதான் சொல்லுறாங்க. என் மகளை மூணு தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு.

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். புகை பட்ட எல்லாருக்கும் இழுப்பு வராது. பிறவியிலேயே அந்தச் சுபாவம் உள்ள பிள்ளைக்குத்தான் வரும், உங்கள் பேரன் அந்தப் பிள்ளை. இழுத்து இழுத்துச் சின்ன வயசிலேயே போன பிள்ளைகளை அந்தக் காலத்தில் யாரும் ஆஸ்துமா என்று எழுதி வைக்கவும் இல்லை.

மூச்சுக்குழாய் பாதியாகச் சுருங்கினால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். நமக்குத் தொண்டைக் கரகரப்போடு போகிற புகை, ஏற்கெனவே குறுகலான பிள்ளையின் குழாயை அடைத்துவிடும். அதோடு ரப்பர் பாலை ஷீட்டாக உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டின் நெடியும் மூச்சுக்குழாயை எரிக்கும்.

மார்த்தாண்டம் அம்மா, சாம்பிராணி தலைமுடியின் ஈரத்தைக் காயவைக்கத்தானே? பருத்தித் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும். சாமிக்குப் போடுகிற தூபத்தை நான் குறை சொல்லவில்லை. பூசை முடியும்வரை பிள்ளை முற்றத்தில் நிற்கட்டும்.

குலசேகரம், இந்தப் பதிலை மாமியாருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னதாகவே இருக்கட்டும், வீட்டில் சண்டை வேண்டாம்.

இரணியல்: மட்டி வாழைப்பழம் கொடுத்தா சளி கட்டுமா?

பழத்தால் ஆஸ்துமா வராது. ஏதாவது சாப்பிட்டதும் தடிப்போ இழுப்போ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு: இன்ஹேலருக்கு அடிமையாயிட்டா என்ன செய்ய?

மேலே தக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள், இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் கேளுங்கள்: இழுப்பு நின்றுவிட்டதென்று தடுப்பு இன்ஹேலரை, அதாவது இழுப்பு வராமலிருக்க டாக்டர் தினமும் போடச் சொன்னதை, நீங்களாக நிறுத்தாதீர்கள். விலா எலும்புகளுக்கு நடுவே உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நீல இன்ஹேலரை (மேலே சொன்ன சால்பியூட்டமால்) ஸ்பேசரில் கொடுத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

களியக்காவிளை: நான் வெளியே போய்த்தான் பீடி குடிக்கேன்.

சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. சட்டையை மாற்றி, கையும் வாயும் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். விட்டுவிட்டால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

திருவட்டார்: அம்மா, நான்தான். அடுப்புக்கு மேல இருந்த கம்பைக் கழற்றச் சொல்லிட்டேன். ஆனா மழைக்கு ஷீட்டை எங்க காயவைக்க?

ரொம்ப சந்தோஷம் ஐயா. காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத மூலையில், வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனிப் புகைப்புரை போடுங்கள். அது முடியும்வரை ஷீட் ஆக்காமல் ரப்பர் பாலாகவே விற்றுவிடலாமா என்று பாருங்கள். சாரல் நாளில் பால்வெட்டும் குறைவுதானே. ஒட்டுப்பாலை (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) பேரன் படுக்கும் அறைப் பக்கம் சாக்கில் கட்டி வைக்காதீர்கள்.