இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் உடைகிறது: எழுத்துருவில் தவறில்லை

அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளில் தமிழ் எழுத்து உடைகிறது, எழுத்துருவை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டியது எழுத்துருவை அல்ல, எழுத்துகளை வரியில் அடுக்கித் தரும் கம்போசரை. எடிட் > பிரிஃபரன்சஸ் > டைப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். அப்புறம் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் ‘மிடில் ஈஸ்டர்ன் & சவுத் ஏசியன்’ கம்போசரைக் கொடுங்கள் (‘வேர்ல்ட்-ரெடி’ என்ற பெயரிலும் இருக்கலாம்).

வியாசர்பாடி கால்பந்துப் போட்டி போஸ்டரில் ‘வெற்றி’ என்று அடித்தால் கொம்பு வ-வைத் தாண்டி ற் பக்கம் விழுகிறது என்றீர்களே, அதுதான் அடையாளம். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் வ முதலில், கொம்பு அதன் பின்னால்தான் சேமிக்கப்படும். அதை முன்னால் எடுத்து வைப்பது கம்போசரின் வேலை; சாதாரண கம்போசர் அதைச் செய்யாது. வீடியோ பார்த்து நீங்களே கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் செய்து காட்டும் பாடங்களில் இது வரவே வராது. உங்கள் மேல் தப்பில்லை.

சோதிக்க, நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோட் எழுத்துருவில் ‘கொ, கோ, கௌ’ அடித்துப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் வேலை முடிந்தது. ஆனால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு யூனிகோட் தட்டச்சுக்கு ஒத்துவராது.

ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும் முன் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ அழுத்தி எழுத்தை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வடிவம்) ஆக்குங்கள், அவர்களிடம் உங்கள் எழுத்துரு இல்லாமல் போகலாம். அதற்குப் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. மேட்ச் தேதி கடைசி நேரத்தில் மாறினால் திருத்த வேண்டி வரும், அதனால் அசல் ஃபைலைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.