வாசகர் கேள்வி-பதில்: நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விபத்து நடந்தால்…

கேள்வி: நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்த பலரின் உடலில் தீக்காயமே இருப்பதில்லையாமே, ஏன்?

பதில்: கார்பன் மோனாக்சைடுதான் காரணம். மீத்தேனும் நிலக்கரித் தூசியும் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு இதைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 1 சதவீதம் இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 1942-இல் சீனாவின் பென்ஷிஹு சுரங்கத்தில் 1,549 பேர் மாண்டார்கள். தீயை அடக்கவென்று காற்றோட்டத்தை நிறுத்தி வாயிலை மூடியதால்தான் பெரும்பாலோர் இந்த வாயுவுக்குப் பலியானார்கள் என்று பின்னர் நடந்த சோவியத் விசாரணை கண்டறிந்தது. சுவாசக் கருவி இல்லாமல் நண்பனைக் காப்பாற்ற உள்ளே ஓடுபவரும் இப்படித்தான் விழுகிறார். எவ்வளவு பதற்றமாக இருந்தாலும் அந்தத் தவறைச் செய்யவே கூடாது.

கேள்வி: விஷக்காற்றிலிருந்து தப்பி வர இடுப்பில் கட்டியிருக்கும் செல்ஃப் ரெஸ்க்யூயர் என்ற சுவாசக் கருவியை மாட்டியதும் மூச்சு சுடுகிறது என்கிறார்கள். கழற்றிவிடலாமா?

பதில்: கூடாது. சூடு வந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். இதில் இரண்டு வகை உண்டு. வடிகட்டி வகையில் மாங்கனீசு டையாக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ஹாப்கலைட் இருக்கும். அது கார்பன் மோனாக்சைடை கார்பன் டையாக்சைடாக மாற்றும்போது வெப்பம் வெளிப்படும். ஆகவே மூச்சு எவ்வளவு சுடுகிறதோ, வெளியே அவ்வளவு விஷம். ஆனால் இந்த வகை ஆக்சிஜன் தராது. காற்றில் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பயன்படாது. ஈரம் பட்டால் ஹாப்கலைட் செத்துவிடும். அதனால் சீல் உடைந்த, நசுங்கிய கருவியோடு கீழே இறங்காதீர்கள். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு வகையில் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு இருக்கும். நாம் வெளிவிடும் மூச்சின் ஈரமும் கார்பன் டையாக்சைடும் பட்டு அது ஆக்சிஜனை வெளியிடும். இதுவும் சுடும்.

புகையோ வெடிச் சத்தமோ தெரிந்த உடனே, நின்ற இடத்திலேயே மாட்டுங்கள். வாய்த்துண்டைப் பல்லால் கடித்து உதட்டை இறுக்குங்கள், மூக்குக் கிளிப்பைப் போடுங்கள், பிறகு தலைப்பட்டை. பேசுவதற்காகக்கூட வாயிலிருந்து எடுக்க வேண்டாம். ஓடாமல் சீராக நடங்கள். ஓடினால் மூச்சு இரைத்து இன்னும் சுடும், ஆக்சிஜன் தரும் கருவி சீக்கிரம் தீர்ந்தும் போகும். பயிற்சியிலேயே சூடான, இறுக்கமான மூச்சைப் பழக்கியிருந்தால்தான் நிஜத்தில் கை தானாகக் கழற்றப் போகாது.

கேள்வி: கூரை சரிந்து ஒருவரின் கால் பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உடனே பாறையைத் தூக்கலாமா?

பதில்: முதலில் மேலே பாருங்கள். சரிந்த கூரை மறுபடியும் சரியும். முட்டுக் கொடுத்த பகுதிக்குள் நின்றபடி கம்பியால் கூரையைத் தட்டுங்கள். கணீரென்றால் கெட்டி, பொள்ளலாக ஒலித்தால் அடுக்கு பிரிந்து தொங்குகிறது. புதிதாக முட்டு நட்ட பிறகே நெருங்க வேண்டும்.

மார்போ கழுத்தோ அழுந்தியிருந்தால் தாமதிக்க நேரமில்லை. மாட்டிச் சில நிமிடங்களே ஆன காலையும் உடனே விடுவிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கிய தசையில்தான் சிக்கல். பாரம் நீங்கியதும் சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அதே தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் விடுவித்த சற்று நேரத்தில் இறப்பது இதனால்தான். மருத்துவக் குழு அருகில் இருந்தால், தூக்குவதற்கு முன்பே நார்மல் சலைன் என்ற உப்புநீரை நரம்பில் ஏற்றத் தொடங்குவார்கள். பெரியவருக்கு மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர். பொட்டாசியம் உள்ள ரிங்கர் லாக்டேட் என்ற திரவம் கூடாது. குழு வர வழியே இல்லையென்றால் காத்திருந்து பயனில்லை, விடுவித்துவிட வேண்டியதுதான். எப்போது மாட்டினார், எப்போது விடுவித்தோம் என்ற இரண்டு நேரங்களையும் எழுதி அவரோடு அனுப்புங்கள்.

கேள்வி: சுரங்கச் சுவரில் சுண்ணாம்புக்கல் பொடி தூவுவது எதற்கு?

பதில்: மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போது வெடிக்கும். அந்த அதிர்ச்சி தரையில் கிடக்கும் நிலக்கரித் தூசியைக் கிளப்பி, அதுவும் பற்றினால் தீ சுரங்கம் முழுக்க ஓடும். கல்பொடி கூடவே எழும்பி வெப்பத்தை உறிஞ்சித் தீயைத் தடுக்கும். அமெரிக்கச் சட்டம் தூசியில் 80 சதவீதமாவது எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்கிறது. நிலக்கரி வெட்ட வெட்ட மேலே புதுத் தூசி படிவதால் திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். நனைந்து கட்டியான பொடி காற்றில் எழும்பாது; வெள்ளையாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல் விரலால் கிளறிப் பாருங்கள்.