முறுமுறுத்தவர்களும் முறையிட்டவர்களும்

வணக்கம் ஐயா,

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சபையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். போன மாதம் வெளியிடத்தில் இருந்து வந்த ஒருவர் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைத் தேவன் தண்டித்தார், ஆகவே 2009இல் போர் முடிந்த விதத்தைப் பற்றி இன்னும் குறை சொல்லிக்கொண்டிருப்பது நன்றிகெட்ட வேலை என்றார். மகனைத் தேடுகிற ஒரு அம்மா முன் வாங்கில் இருந்தார். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளில் இருந்து அங்கே போய் இருக்கிறவர். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை. "அழுதால் கடவுள் அடிப்பாரா ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை என்று சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

வந்தவர் பாதி அதிகாரத்தைத்தான் வாசித்திருக்கிறார். அதே 11இல் மோசேயும் முறையிடுகிறார், சனங்களை விடக் கடுமையாக. இவர்களை எல்லாம் நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைப் போல நான் ஏன் இவர்களைச் சுமக்க வேண்டும், இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அவர் மேல் நெருப்பு விழவில்லை. பாரத்தைப் பங்குபோட்டுச் சுமக்க எழுபது மூப்பர்கள் கிடைக்கிறார்கள். யாத்திராகமத்துக்குப் போனால், மாராவில் தண்ணீர் கசந்தபோதும் சனங்கள் முறுமுறுத்தார்கள், பசித்தபோதும் முறுமுறுத்தார்கள். தண்ணீர் இனிப்பாகியது. சாப்பிட மன்னா விழுந்தது. அங்கே யாருக்கும் அடி இல்லை.

அப்படியென்றால் பிறகு ஏன் அடி விழுகிறது? உபாகமம் முதலாம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. சனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்து முறுமுறுத்தார்கள், கர்த்தர் நம்மை வெறுத்துத்தான் எகிப்தில் இருந்து கொண்டுவந்தார் என்று பேசிக்கொண்டார்கள் என்கிறது. எண்ணாகமம் 14இல் வேறு தலைவனை வைத்துக்கொண்டு அடிமைநாட்டுக்கே திரும்பிவிடுவோம் என்கிறார்கள். நாற்பது வருட அலைச்சல் அதற்குத்தான் வருகிறது. மோசே கடவுளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார். இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தங்களுக்குள் பேசினார்கள். உங்கள் சபை அம்மா எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்குக்குள் எல்லாம் அடங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே எண்ணாகமம் 11இன் தொடக்கத்தில், தபேரா என்ற இடத்தில் சனங்கள் முறையிட்டார்கள், பாளயத்தின் ஓரத்தில் நெருப்புப் பற்றியது என்று இருக்கிறது. என்ன முறையிட்டார்கள் என்று ஒரு சொல் இல்லை. எத்தனை தரம் வாசித்தும் எனக்கு அது செரிக்கவில்லை.

அதற்கு அடுத்து வருகிற சாப்பாட்டு வரியையும் பிரசங்கிமார் பேராசைக்கு உதாரணமாகவே காட்டுவார்கள்: எகிப்தில் சும்மா கிடைத்த மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்து தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றபோதுதான் அந்த வரி எனக்கு விளங்கியது. வெறும் தண்ணீர்க் கானைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்ற பெண் நந்திக்கடல் றாலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முருங்கைக்காய் போட்டு, முதற்பால் கடைசியில் விட்டு இறக்குவாராம். பின்னால் நின்றவர் முரசுமோட்டைப் புது நெல்லுச் சோற்றைச் சொன்னார். வரிசை முழுக்கச் சமையல் பேச்சு. திடீரென்று அந்தப் பெண் கானை நிலத்தில் அடித்து, "நீயும் ஒரு கடவுளே?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். யாரும் தடுக்கவில்லை. "விடுங்கோ, அவ கேக்கட்டும்" என்றார் ஒரு கிழவர். றால் கறியைச் சொன்னதும் அவர்தான், கத்தியதும் அவர்தான். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? தேவையும் ஆசையும் அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வருவதில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவுக்கு வருகிறேன். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்துத் தொடங்குகிற மனிதர். நீ ஏதோ பிழை செய்திருப்பாய், அதுதான் தண்டனை என்று நண்பர்கள் மாறி மாறி வேதம் பேசுகிறார்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வருவது அந்த நண்பர்கள் மேல். என் தாசனாகிய யோபு பேசியதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களில் ஒருவரான எலிப்பாசிடம் சொல்கிறார். முறையிட்டவன் பேச்சு சரி, முறையிடாதே என்று புத்தி சொன்னவர்கள் பேச்சுப் பிழை. அந்தப் பிரசங்கியார் இந்த வசனத்தைத் தனியாக இருந்து வாசிக்க வேண்டும்.

நம்முடைய மண்ணிலும் இது புதிதில்லை. முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரிக்கிறோமே, அந்தக் கண்ணகி யார்? கையில் சிலம்போடு அரசவைக்குள் புகுந்து "தேரா மன்னா" என்று கேட்டவள். "யானோ அரசன் யானே கள்வன்" என்று விழுந்தவன் பாண்டியன். கேள்வி கேட்டவளைத்தான் நாம் தெய்வமாக்கி வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள். இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் வராத ஒருவரின் பாட்டு, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அந்த அம்மா வீட்டுக்கு ஒருக்கால் போங்கள். வசனம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில்தான் இருந்தார்கள். தேத்தண்ணி தருவார், குடியுங்கள். மகனின் படத்தை எடுத்து வந்து காட்டினால் கையில் வாங்கி, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.