மறு: ஹார்மோன் எடுத்தால் மாரடைப்பு வராதாமே?

வணக்கம் அக்கா. வயது 52, மாதவிடாய் நின்று இரண்டு வருடம், இரவில் உடம்பு கொதிக்கிறது, அம்மாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்தது. ஹார்மோன் இதயத்தையும் காக்கும் என்று தங்கை சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கொதிப்புக்காக என்றால் யோசிக்கலாம். இதயத்துக்காக என்றால் வேண்டாம். தங்கை சொல்வது பழைய நம்பிக்கை. அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வை 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி எல்லாம் கூடின. மாரடைப்பும் குறையவில்லை.

அதற்காகப் பயந்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு. நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருகிறீர்கள்.

ஆனால் அம்மாவின் கதையை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பிபி, இனிப்பு நீர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உங்களுக்கே மாரடைப்போ, காலில் ரத்தக்கட்டியோ, மார்பகப் புற்றோ வந்திருந்தால் பேச்சே வேறு.

மாத்திரையா, தோலில் ஒட்டும் பட்டையா என்றும் கேளுங்கள். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். பட்டையில் அது குறைவு. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாது, கூடவே புரோஜெஸ்டிரோனோ, அதன் செயற்கை வடிவமான புரோஜெஸ்டினோ வேண்டும்.

நான் இடுப்புக்குக் கீழே பட்டைதான் ஒட்டுகிறேன். கோலாலம்பூர் செந்தூல் வெயிலில் மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பிவிடும்! குளித்ததும் நன்றாகத் துடைத்து, பவுடர் போடாமல் ஒட்டினால் நிற்கிறது.